பழி, இந்தியில்

ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சி.
ரங்கநாயகி தியேட்டர் வாசலில் டோக்கன் கிழிக்கிறவன்
என்னைப் பார்த்தும் "பாயி, இதர்" என்கிறான்.
வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறேன்.
அப்படியும் நம்பவில்லை.
திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை
நாங்கள்தான் ஒறம்பரை.

டிக்கெட் ராம்பிரவேஷ் எடுத்தான்,
எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறவன்.
"மாஸ்டர், பத்லா பிக்சர்."
பழி என்கிற சொல் கிடைக்காமல்
கழுத்துக்குக் குறுக்கே விரலால்
ஒரு கோடு இழுத்துக் காட்டினான்.

தெரியும் தம்பி.
இதே கதையை, இதே தியேட்டரில்
தமிழில் பார்த்தவன் நான்.
ஒரே வாரத்தில் மூன்று தடவை.
கிணற்றடியில் தம்பியை வெட்டுவார்கள்.
அண்ணன் பதினோரு வருசம் காத்திருப்பான்.
தேர் நிற்கிற தெருவில்
அருவாள்.

இங்கே கிணறு
நிலக்கரிச் சுரங்கமாகியிருந்தது.
அருவாள், துப்பாக்கி.
அம்மா மட்டும் அதே அழுகை.
ஒரு வார்த்தை புரியாமல் எல்லாம் புரிந்தது.
தம்பிக்காரன் சிரித்தபடி ரயிலைவிட்டு இறங்குகையில்
இடைவேளை வரைக்கும்கூட இவன் தாங்கமாட்டான் என்று
அத்தனை இருட்டிலும் எனக்கு மட்டும் தெரியும்.
பாப்கார்னைக் கையில் எடுத்த ராம்பிரவேஷ்
வாய்க்குக் கொண்டுபோக மறந்திருந்தான்.
அவனுடைய தம்பி
புதன்கிழமை தன்பாத் வண்டியில் வருகிறான்.
செக்கிங்கில் சேர்த்துவிடச் சொல்லியிருக்கிறான்.
நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று தடவை ஏன் பார்த்தேன் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

சென்னியப்பன் என் பங்காளி அல்ல,
பங்குதாரன்.
அனுப்பர்பாளையத்தில் ஒரு ஷெட், எட்டு மிஷின்.
மார்கழியில் ஒரு ராத்திரி
லாரி வைத்து எட்டையும் ஏற்றிவிட்டான்.
ஆர்டருக்கு வாங்கின அட்வான்சும் அவனோடு போச்சு.
தரையில் எண்ணெய்க் கறை மட்டும் எட்டு.
பொங்கலுக்கு இந்தப் படம் வந்தது.
சிவன்மலைத் தேர்க்கடையில்
அருவாள் விலை கேட்டேன்.
நூற்றிருபது என்றான்.
நூறு ரூபாய்க்குக் கேட்டேன்.
கட்டாதுங்க என்றுவிட்டான்.
அந்த இருபது ரூபாயில்
சென்னியப்பன் உயிரோடிருக்கிறான்.

திரையில் வில்லன் மண்டிபோட்டாயிற்று.
இந்த இடத்தில்தான் தமிழில்
முன்வரிசைக்காரன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான்,
நான் விசில் அடித்து உதடு வெடித்தது.
சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.
துப்பாக்கி உயர்ந்தது.
அப்படியே நின்றது.
மெதுவாகத்
தாழ்ந்தது.

கதையை மாற்றிவிட்டார்கள்.

அவன் என்னவோ பேசினான், ரொம்ப நேரம்.
இரண்டரை மணி நேரத்தில்
பாஷை தேவைப்பட்ட ஒரே இடம்.
பின்னால் யாரோ "ச்ச" என்றார்கள்.
ராம்பிரவேஷ் புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.
"என்னடா சொல்றான்?"
தமிழைத் தேடினான். பாதிதான் அகப்பட்டது.
"தக் கயா, மாஸ்டர்.
அவன்... களைச்சுப் போச்சு."

போன ஐப்பசியில் காங்கயம் பஸ் ஸ்டாண்டில்
சென்னியப்பனைப் பார்த்தேன்.
சர்க்கரையில் ஒரு காலில் இரண்டு விரல் இல்லை.
"ஏனப்பா, சௌரியமா?" என்றான்,
எட்டு மிஷினும் ஏதோ கனவில் போனமாதிரி.
இரண்டு டீ சொன்னான்.
குடித்தேன்.
பையைத் துழாவித் துழாவிச் சில்லறை வராமல் நின்றான்.
நானே கொடுத்தேன்,
இருபது ரூபாய்.
வீட்டில் சொல்லவில்லை.
சொன்னால் ஏன் என்று கேட்பாள்.
கழற்றிக் கொடுத்தது அவள் வளையல்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.
சாயப்பட்டறைத் தண்ணீர் நாற்றம் வீசியது.
"மாஸ்டர், தமிழ்ல எண்டு எப்படி?"
"சுட்டுருவான்" என்றேன்.
தமிழில் அருவாள் என்பதையே மறந்து.
"அச்சா," என்றான்,
எது அச்சா என்று சொல்லாமல்.
வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டான்:
"புதன்கிழமை தம்பி?"

கூட்டிட்டு வா.
தன்பாத் வண்டி எப்பவும் லேட்டுத்தான்,
காலையிலேயே போய் நிற்காதே.